அறை இல்லை என்று சொன்ன வீடு

ஒலிவாங்கியின் கழுத்து தளர்ந்துபோயிருந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டால்தான் வாய்க்கு நேரே நிற்கும். பிடித்த விரல்களில் மெல்லிய மின்சாரக் கூச்சம் ஏறியது. மற்றக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கதிரை கிடைக்காதவர்கள் யன்னல் கட்டுகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை விட்டிருந்தது. நனைந்த சைக்கிள் டயர்களும் ஈரச் செருப்புகளும் சேர்ந்த ஒரு வாடை உள்ளே வந்துகொண்டிருந்தது.

"நடந்ததைச் சொன்னாக் காணும் தங்கச்சி. பயப்பிடாதேங்கோ," என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த சிறீதரன் அண்ணை.

நடந்ததைச் சொல்லத்தான் நானும் போயிருந்தேன். ஆனால் அது எதில் முடிகிறது என்பது பற்றி எங்கள் இருவருக்கும் வேறு வேறு எண்ணம் இருந்தது.

வடக்கே வந்த கதை

சென்ற வாரம் யாழ்ப்பாண ரயிலில் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசைக் குடியிருப்பான லயத்தில். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளர்கள். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தெற்கே ஒரு வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எண்பத்துமூன்று ஆடியில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தபோது படிப்பு அறுந்தது. தெற்கில் படித்த தமிழ் மாணவர்கள் பலரை யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். நானும் வந்தேன்.

"அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க. பயமில்ல," என்று சொல்லித்தான் அம்மா தேயிலைத் தூள் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

அம்மா யாழ்ப்பாணத்தைக் கண்டதில்லை. எங்களுக்கு யாழ்ப்பாணம் என்பது தோட்டத்துக் கிளாக்கர் ஐயா விடுமுறைக்குப் போகும் ஊர். அவர் திரும்பி வரும்போது ஓலைக் குட்டானில் பனங்கட்டி கொண்டுவருவார். அவருடைய பெட்டியை ஸ்டேஷனிலிருந்து தலையில் சுமந்து வரும் அப்பாவுக்கு அதில் ஒரு துண்டு கிடைக்கும். அதை நாங்கள் பற்களால் கடித்துப் பங்கிட்டுக்கொள்வோம். யாழ்ப்பாணம் இனிக்கும் என்றுதான் எனக்கு நெடுங்காலம் எண்ணம்.

வளாகத்தில் எங்களை அன்பாகவே வரவேற்றார்கள். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உடுப்புச் சேர்த்துத் தந்தார்கள். தவறிய பாடக் குறிப்புகளை இரவிரவாகப் பிரதி செய்து கொடுத்தார்கள். "நீங்கள் தோட்டக்காட்டார் மாதிரியே இல்லை," என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். பாராட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன்.

குறை ஒன்றே ஒன்று. தங்க இடம் இல்லை. விடுதி நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லோரும் வளாகத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் அறை தேடிக்கொண்டிருந்தோம்.

படலைக்கு வெளியே

என்னை அறை தேடக் கூட்டிக்கொண்டு போனவள் இராசமலர். என் வகுப்பு. வடக்குக் கரையில் மயிலிட்டி அவள் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

முதல் வீடு தங்கம்மா ரீச்சருடையது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வீட்டின் பக்கத்தறையை மாணவிகளுக்கு வாடகைக்கு விடுவார்.

"நீ போய்க் கேள். நான் இதிலை நிக்கிறன்," என்று இராசமலர் வாசல் படலைக்கு வெளியே நின்றுவிட்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

ரீச்சர் முகம் மலர்ந்துதான் வெளியே வந்தார். "கலவரத்திலை வந்த பிள்ளையோ? ஐயோ பாவம். எந்த இடம்?"

"ஹட்டன் பக்கங்க."

"ஹட்டனிலை அப்பா கடை வைச்சிருக்கிறாரோ?"

"இல்லைங்க. தோட்டத்துல வேலைங்க. அம்மாவும் கொழுந்து எடுக்கிறாங்க."

"ஓ," என்றார். முகம் மாறவில்லை, குரலும் மாறவில்லை. கை மட்டும் பின்னால் போய்க் கதவைத் தேடியது. "அறை ஒண்டும் இல்லையே பிள்ளை. போன கிழமைதான் ஒரு ஆளுக்குச் சொல்லிப்போட்டன். கொஞ்சம் முந்தி வந்திருந்தால்..."

அன்று மாலைக்குள் இன்னும் சில வீடுகள் ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் போன கிழமைதான் யாருக்கோ சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் கொழும்பிலிருந்து வந்த சுகந்தி என்பவள் மகிழ்ச்சியோடு வகுப்புக்கு வந்தாள். அறை கிடைத்துவிட்டதாம். தங்கம்மா ரீச்சர் வீட்டில்.

"உவை அறை இல்லை எண்டு சொல்லுறது ஆளுக்கு ஆள் மாறும்," என்றாள் இராசமலர். "மயிலிட்டி, கடற்தொழில் எண்டு சொன்னால் எனக்கும் அறை இல்லை. ஏன் நான் ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலை தூங்கி விழுந்துகொண்டு வாறன் எண்டு நினைக்கிறாய்? வா, எங்கடை வீட்டிலை இரு."

மயிலிட்டியில்

அப்படித்தான் மலைக்காரி கடற்கரைக்குப் போனேன்.

முதல் நாட்களில் அலைச் சத்தம் தூங்க விடவில்லை. எங்கள் பக்கத்தில் இரவு பனிமூட்டத்தோடு வாய்மூடிக் கிடக்கும். இங்கே ஓயாமல் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. முற்றத்தில் கருவாடு காயும். இராசமலரின் அம்மா மீன் குழம்பில் போடும் உறைப்பு என் கண்ணில் நீர் வரவைக்கும். பதிலுக்கு நான் அட்டைக் கதைகள் சொல்வேன். மழைநாளில் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் பூச்சி என்றால் அவர்கள் நம்பவே இல்லை.

அன்பு இருந்தது, நேரம்தான் இல்லை. தெல்லிப்பழை வழியாக வரும் பஸ் சில நாள் வரும், சில நாள் வராது. வழியில் சோதனைக்காக இறக்குவார்கள். முதல் விரிவுரை முடிகிற நேரத்தில் நாங்கள் போய்ச் சேருவோம். மாற்றலில் வந்த எனக்கு ஏற்கெனவே பாதிப் பாடம் போயிருந்தது. பரீட்சையில் தவறினால் லயத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அம்மாவோடு கூடையைத் தலையில் மாட்ட வேண்டியதுதான்.

புதன்கிழமைக் கூட்டம்

சிறீதரன் அண்ணை இறுதியாண்டு மாணவர். தெல்லிப்பழைக்காரர். மெலிந்த உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். இனவாதத்தை எதிர்கொள்வது எப்படி என்று புதன்கிழமைதோறும் அவர் ஒரு திறந்த கூட்டம் நடத்தினார். மாணவர் மட்டுமல்ல, ஊரவர்களும் வரலாம், கேள்வி கேட்கலாம், மறுத்துப் பேசலாம். தெற்கில் என்ன நடந்தது என்று கண்டவர் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் என்னை மேடைக்கு அழைத்தார்.

சொன்னேன். வளாகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்தார்கள். ஒருவன் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, அதன் பெயரைச் சிங்களத்தில் சொல்லும்படி ஒவ்வொருவரையும் கேட்டான். அந்தச் சொல்லின் முதல் எழுத்து தமிழ் நாவுக்கு எளிதில் வராது. நான் பொட்டை அழித்திருந்தேன். எங்கள் தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அங்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் என்பதால் எனக்கு அந்தச் சொல் வந்தது. பக்கத்தில் இருந்த முதியவருக்கு வரவில்லை. அவரை இறக்கினார்கள். பஸ்ஸை எடுக்கச் சொன்னார்கள். அவருடைய குடை இருக்கையிலேயே கிடந்தது.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"நன்றி தங்கச்சி," என்று சிறீதரன் அண்ணை ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார்.

"இன்னும் முடியலீங்க," என்றேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"இங்க வந்தப்புறம் ஒரு வீட்டுல அறை கேட்டேங்க. எந்த இடம்னு கேட்டாங்க. சொன்னேன். அறை இல்லைன்னுட்டாங்க. மறுநாள் வேற பிள்ளைக்கு அதே அறை இருந்திச்சு. அங்க உயிரை எடுத்தாங்க, இங்க அறைதான் இல்லை. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலீங்க. ஆனா ரெண்டு இடத்துலயும் நான் எப்படிப்பட்டவள்னு யாரும் பார்க்கல. எந்தக் கூட்டத்துல சேத்தின்னுதான் பார்த்தாங்க."

யன்னல் பக்கம் ஒரு குரல் எழுந்தது. "உது இஞ்சை கதைக்கிற விசயமே? எங்களை நாங்களே குறை சொல்லிக்கொண்டு நிண்டால் ஆருக்கு லாபம்?"

"வீடு குடுக்கிறதும் விடுறதும் அவையவையின்ரை விருப்பம்," என்றார் இன்னொருவர். அதற்குச் சிலர் கைதட்டினார்கள்.

இராசமலர் எழுந்தாள். "நான் உந்தப் படலையளுக்கு வெளியிலை நிண்டு பழகினனான். இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை, அதாலை சொல்லேல்லை."

அதற்குப் பிறகு எழுந்தவளை நான் எதிர்பார்க்கவில்லை. சுகந்தி. மேடைப் பேச்சே பழக்கமில்லாதவள். முன்கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அறையிலை இருக்கிறது நான்தான். என்னட்டையும் எந்த இடம் எண்டு கேட்டவ. அப்பாவின்ரை ஊர் அச்சுவேலி எண்டு சொன்னன். உடனை பூட்டையும் திறப்பையும் எடுத்துத் தந்தவ. எனக்கு முந்தி ஒருத்தரும் வந்து கேக்கேல்லை எண்டும் சொன்னவ."

அவளுக்கு அது சிறிய காரியமல்ல. அன்று மாலை அவள் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

சிறீதரன் அண்ணை கையில் முடிவுரை எழுதிய தாள் இருந்தது. அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அடுத்த புதனும் இதையே கதைப்பம். அறை குடுக்கிற ஆக்களையும் கூப்பிடுவம். ஏசுறதுக்கில்லை, கதைக்கிறதுக்கு."

ரீச்சர் வந்தார்

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். தங்கம்மா ரீச்சர் வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. நேராக முன்வரிசையில் போய் இருந்தார். ஒலிவாங்கியை நீட்டியபோது வேண்டாமென்றார்.

"வரச் சொன்னியள், வந்திருக்கிறன். பேர் சொல்லாட்டிலும் அது என்ரை வீடு எண்டு எல்லாருக்கும் தெரியும். சுகந்தியை நான் வீட்டை விட்டுக் கலைக்கேல்லை, நேற்றும் என்னோடைதான் சாப்பிட்டவ. அறை இருந்தது. இல்லை எண்டு சொன்னது பொய். அது பிழை. ஆனால் ஒண்டு கேக்கிறன். என்ரை வீட்டிலை ஆரை வைச்சிருக்கிறது எண்டு முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லையோ?"

"இருக்கு ரீச்சர்," என்றார் சிறீதரன் அண்ணை. "தெற்கிலை எங்கடை ஆக்களுக்கு வீடு இல்லை எண்டு சொல்லுறவையும் இதைத்தான் சொல்லுகினம். அவையளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்லுறது?"

ரீச்சர் அவரை உற்றுப் பார்த்தார். "என்னட்டைப் படிக்கேக்கையும் நீ இப்பிடித்தான். விடை சொல்லாமல் கேள்வியைத் திருப்பி என்னட்டையே தருவாய்."

மண்டபம் சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்தப் பிள்ளையிலை ஒரு வெறுப்பும் இல்லை. நான் தனிச்ச மனிசி. ஒரு நன்மை தின்மை எண்டால் என்ரை சனம் வந்து நிக்கவேணும். அவை வராமல் விட்டால் நான் என்ன செய்யிறது? நீங்கள் ஆரும் வந்து நிப்பியளோ? அதை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?"

இனவாதம் பற்றி அந்த மண்டபத்தில் எத்தனையோ உரைகள் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியைப் போல உண்மையான ஒன்றை அதில் கேட்டதில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த அறை இன்னுமொரு ஆளுக்குக் காணும். தந்தால் வருவியோ?"

எல்லா முகங்களும் என்னை நோக்கின. அவர்கள் எதிர்பார்த்த பதில் எனக்குத் தெரிந்தது. 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கைதட்டல் கூரையைத் தூக்கியிருக்கும். இராசமலரைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றேங்க," என்றேன்.

"வெக்கமில்லை," என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தது கேட்டது. இருக்கலாம். எனக்குப் பரீட்சை இருந்தது. அதோடு, அந்த வீட்டுப் படலையை என்னைப் போன்ற ஒருத்தி ஒருமுறை தாண்டிப் போனால் அடுத்தவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருக்குமென்றும் பட்டது.

இலை போட்ட நாள்

முதல் நாள் காலை தேத்தண்ணி வந்தபோது எனக்கு மட்டும் எனாமல் கோப்பை. சுகந்திக்குக் கண்ணாடிக் கிளாஸ். சுகந்தி எனாமல் கோப்பையை எடுத்துக் குடித்தாள். மறுநாளும் அவளே எடுத்தாள். கொஞ்ச நாளில் கோப்பை காணாமல் போனது.

ரீச்சருக்கும் எனக்கும் நெருக்கம் வந்ததென்று சொல்ல முடியாது. கணக்கில் சந்தேகம் கேட்டால் சொல்லித்தருவார். மற்றபடி அவர் அவர் பாட்டில் இருப்பார்.

அவருடைய கணவரின் திவசம் வந்தது. விடியலிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். பூசணிக்காய்க் கறி, வாழைக்காய், பயற்றங்காய், பாயாசம். இரண்டு ஒழுங்கை தள்ளி ரீச்சரின் தம்பி குடும்பம். ஆண்டுதோறும் அவர்கள்தான் வந்து இருந்து சாப்பிடுவார்கள். ஐயர் வந்து கிரியை முடித்துப் போய்விட்டார். மதியம் திரும்பியது. தம்பி வீட்டார் வரவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து நின்றார். "தம்பி சொல்லிவிட்டவர் ரீச்சர். அந்தப் பிள்ளை நிக்கிற வீட்டிலை கை நனைக்கேலாதாம்."

"சரி," என்றார் ரீச்சர்.

உள்ளே வந்து அகப்பையைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

"நான் வேணும்னா போயிடுறேன் டீச்சர்," என்றேன்.

"எங்கை போகப்போறாய்?" என்றார் திரும்பாமல். "சுகந்தி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வளாகத்திலை நிக்கிற அந்த மயிலிட்டிப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வந்து இலையைப் போடுங்கோ."

நாங்கள் மூவரும் அவருடைய சொந்தக்காரர்களுக்காக வெட்டிவைத்த இலைகளில் சாப்பிட்டோம். அப்பளம் நமுத்துப்போயிருந்தது. அதற்கு மட்டும் ரீச்சர் வருத்தப்பட்டார். இராசமலர் பாயாசம் மூன்றாம் முறை கேட்டபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த புதன்

யாரும் அழைக்காமலே ரீச்சர் அந்தப் புதன் என்னோடு கூட்டத்துக்கு வந்தார். எழுந்து நடந்ததைச் சொன்னார். தம்பி வராததை, இலை போட்டதை, எல்லாவற்றையும்.

"என்ரை வீடு, என்ரை உரிமை எண்டு இதிலை நிண்டு சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டன். இவ்வளவு காலமும் அந்த அறையை ஆருக்குக் குடுக்கிறது எண்டு முடிவெடுத்தது நானில்லை, ஊர்தான். நான் திறப்பை மட்டும் வைச்சிருந்தனான்."

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் வெளிநடப்புச் செய்தார். கூட்டம் முடிந்தபோது வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் சிறீதரன் அண்ணையிடம் வந்து தங்கள் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு வீட்டுக்குத்தான் பிறகு இராசமலர் குடிவந்தாள்.

பெரிய மாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை. திறக்காத வீடுகள் திறக்காமலே இருந்தன. சில காலத்தில் வளாகத்தின் காற்றே வேறாகிவிட்டது. புதன்கிழமைக் கூட்டம் நின்றது. திறந்து கதைப்பதற்கு எல்லோரும் அஞ்சும் காலம் வந்தது. சிறீதரன் அண்ணை நாட்டை விட்டுப் போனார். தம்பி வீட்டார் ரீச்சர் வீட்டுப் படியை நான் இருந்தவரை மிதிக்கவில்லை. நான் பரீட்சையில் தேறினேன்.

அந்த நாட்களில் வீதியில் நான் மெல்லத்தான் கதைப்பேன். என் தமிழ் காதில் விழுந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் புதன் கூட்டம் முடிந்து ரீச்சரும் நானும் நடந்து வந்தபோதும் பேசாமல்தான் வந்தோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தம்பியின் வீட்டைக் கடந்துதான் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்ப வேண்டும். அவர் படலையில் கை ஊன்றி நின்றார். எதிர்வேலியில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ரீச்சர் நடையைக் குறைத்தார். வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கிற அந்தக் குரலை எடுத்தார்.

"ஏன் பிள்ளை, உங்கடை தோட்டத்திலை கொழுந்து எத்தினை நாளுக்கொருக்கா எடுக்கிறவை?"

நானும் குரலை உயர்த்தினேன். "வாரத்துக்கு ஒருவாட்டி எடுப்பாங்க டீச்சர். நல்லா மழை பேஞ்சா அதுக்கு முந்தியே எடுத்துருவாங்க."

"அப்ப மழைக்கையும் நிண்டு எடுக்கவேணுமோ?"

"நின்னுதான் எடுக்கணும் டீச்சர்," என்றேன், வீதி முழுவதற்கும் கேட்க. "எங்கம்மா இன்னைக்கும் எடுத்திருப்பாங்க."